பழைய டிராக்டரும் அதன் மின்கம்பிகளும்

டில்லியிலிருந்து கர்னால் வழியாக லூதியானாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்திலும், போபாலைச் சூழ்ந்த கரிசல் பூமியிலும், இமயத்தின் அடிவாரத்துத் தராய்ப் பிரதேசத்திலும் வாழும் தமிழ் மக்கள், பட்டறைகளின் முன்னே வர்ணம் மங்கி நிற்கும் பழைய டிராக்டர்களைக் கண்டிருத்தல் கூடும். அவற்றுள் சில, அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தவை. எஞ்சின் இன்னும் நல்ல நிலையில் இருக்கும். பல்சக்கரங்கள் தேய்ந்திருப்பினும் உடைந்திரா. ஆயினும் வண்டி கிளம்பாது, விளக்கு எரியாது. காரணத்தைத் தேடினால், எஞ்சினைச் சுற்றிக் கொடிபோலப் படர்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு கம்பிகளிலே அது அகப்படும். துணி உறை நைந்து, உள்ளிருக்கும் ரப்பர் வெடித்து, செம்பு பச்சை பூத்துக் கிடக்கும்.

இக்கம்பிகளை அகற்றிப் புதியவற்றைப் பூட்டுவது எளிய வேலை போலத் தோன்றும். மோட்டார்க் காரில் உள்ளதைவிட டிராக்டரில் கம்பிகள் குறைவு. அவை கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. எனினும், இவ்வேலையில் இறங்கிய பலர் நல்ல டைனமோவைக் கெடுத்துக்கொண்டும், புதிய ஆல்டர்னேட்டரை ஒரு நொடியில் எரித்துக்கொண்டும், சில வேளைகளில் வண்டிக்கே தீ மூட்டிக்கொண்டும் அல்லற்பட்டிருக்கின்றனர். அவர்களிடம் கைத்திறன் இல்லாமல் இல்லை. அந்த யந்திரத்தின் சரித்திரத்தை அவர்கள் கேட்டறியவில்லை என்பதே குறை. டிராக்டரின் ஒவ்வொரு கம்பியும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு தேவையை முன்னிட்டு வந்து சேர்ந்தது. அது வந்த காரணத்தை அறிந்தவரே அதை மாற்றத் தக்கவர். இவ்வுரையில் அந்தச் சரித்திரத்தையும், அது பட்டறையில் எவ்வாறு கைகொடுக்கிறது என்பதையும் சுருங்கக் காண்போம்.

முதல் டிராக்டர்களில் பாட்டரியும் இல்லை, விளக்கும் இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃபுரோலிக் என்பவர் 1892-ல் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு முன்னும் பின்னும் செல்லும் ஒரு வண்டியை அமைத்தார். டிராக்டர் வமிசத்தின் மூதாதையாக அதைக் கூறுவதுண்டு. அக்காலத்து எஞ்சினுக்கு மின்சாரம் தேவைப்பட்டது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: உருளைக்குள் அடைபட்ட பெட்ரோல் ஆவியையும் காற்றையும் பற்ற வைக்கும் பொறிக்கு. அந்தப் பொறியைத் தந்த கருவி மாக்னெட்டோ. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் பாஷ் 1887-ல் நிலையான எஞ்சின் ஒன்றுக்கு மாக்னெட்டோவை அமைத்தார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட், 1902-ல் உயர் அழுத்த மாக்னெட்டோவை ஆக்கித் தந்தார். நிலைக்காந்தம் ஒன்றின் காந்தப்புலத்தில் கம்பிச் சுருளை அமைத்துச் சுழலும் இயக்கத்தைக் கொடுத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதே அதன் தத்துவம். எஞ்சின் சுழலும் வரை பொறி உண்டு. அதற்குப் பாட்டரி வேண்டுவதில்லை.

உழவனுக்கு இது பெரும் வரமாக இருந்தது. அக்காலத்துப் பாட்டரி கண்ணாடியைப் போலப் பேணப்பட வேண்டிய பொருள். குண்டும் குழியுமான வயலில், இரும்புச் சக்கரங்கள் தரும் அதிர்ச்சியில் ஈயத் தகடுகள் நொறுங்கும், அமிலம் தெறிக்கும். பட்டணத்துக்கு வெகு தூரத்தில் உள்ள பண்ணையில் பாட்டரியில் மீண்டும் மின்சாரம் ஏற்றவும் வழியில்லை. 1917-ல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ஃபோர்ட்சன் டிராக்டர், சாதாரண விவசாயியும் வாங்கத்தக்க மலிவான விலையில் வந்து உலகெங்கும் பரவியது. அதிலும் பாட்டரி கிடையாது. எஞ்சினின் கனச்சக்கரத்திலேயே காந்தங்களைப் பதித்து, நான்கு சுருள்கள் அடங்கிய ஒரு மரப்பெட்டியின் வழியே பொறியை உண்டாக்கினார்கள். அந்த வண்டியின் மின்கம்பிகள் முழுவதையும் ஒருவர் இரு கைகளில் அடக்கிவிடலாம்.

ஆனால், அந்த எளிமைக்கு மனிதன் தன் கையினால் விலை கொடுத்தான். எஞ்சினை உயிர்ப்பிக்க, முன்புறம் உள்ள இரும்புப் பிடியை வலுவோடு சுழற்ற வேண்டும். பொறி சற்று முன்னதாக விழுந்துவிட்டால், எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். பிடியைப் பற்றிய மணிக்கட்டு முறியும். கட்டை விரலைப் பிடியின் மறுபுறம் வளைக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துச் சுழற்ற வேண்டும் என்று மூத்தோர் இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தது இதனால்தான். பிற்காலத்து மாக்னெட்டோக்களில் ஒரு சிறு வில் பொருத்தப்பட்டது. மெதுவாகச் சுழற்றும்போது அது காந்தத்தைச் சற்றே பிடித்து நிறுத்திப் பின்பு வெடுக்கென்று விடும். அதனால் பொறி வலுவாகவும், சற்றுத் தாமதித்தும் விழுந்தது, உதையும் குறைந்தது. எனினும், கைப்பிடியைச் சுழற்றும் உடல் வலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. டிராக்டர் வெகுகாலம் பலசாலியான ஆண்மகனின் யந்திரமாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஸ்டார்ட்டர் மோட்டார். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம் பெற்றது. ஆனால் காரிலிருந்து வந்து வயலிலும் அது பரவ வெகுகாலம் ஆயிற்று. ஸ்டார்ட்டர் வேண்டுமென்றால் பாட்டரி வேண்டும். பாட்டரி வேண்டுமென்றால் அதை நிரப்ப டைனமோ வேண்டும். டைனமோ இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் சாதனமும், அளந்து காட்டும் அம்மீட்டரும் வேண்டும். மணமகள் ஒருத்தி வந்தால் அவளுடன் சீர்வரிசை முழுவதும் வருவது போல, ஒரு மோட்டாருடன் ஒரு மின் அமைப்பே டிராக்டருக்குள் குடியேறியது. நாம் இன்று பழுது பார்ப்பது அந்தச் சீர்வரிசையைத்தான்.

1938-ல் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். எழுத்தில் ஒன்றும் இல்லை. அதன் பயனாக 1939-ல் ‘9 என்’ என்னும் சாம்பல் நிறச் சிறு டிராக்டர் வெளிவந்தது. ஃபெர்குசன் கண்டறிந்த, கலப்பையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் மூன்று புள்ளி இணைப்பு அதன் தலையாய சிறப்பு. அதைப் போற்றுவோர் மறந்துவிடும் மற்றொரு சிறப்பும் உண்டு. அதில் 6 வோல்ட் பாட்டரியும், டைனமோவும், பொத்தானை அழுத்தினால் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரும் இருந்தன. இந்த டிராக்டரைச் சிறுவனும் ஓட்டலாம் என்று காட்டி விற்பனை செய்தார்கள். கைப்பிடியைச் சுழற்றியே தீர வேண்டும் என்னும் நிலை இருந்திருந்தால் அப்பேச்சுக்கே இடமில்லை.

அதன் பின் வந்தது யுத்தம். 1942-ல் ‘9 என்’ மாறி ‘2 என்’ ஆயிற்று. ரப்பரும் செம்பும் படைக்குப் போயின. ஆகவே, ‘2 என்’ டிராக்டரின் ஆரம்ப வண்டிகள் இரும்புச் சக்கரங்களுடனும், மாக்னெட்டோவுடனும், ஸ்டார்ட்டரும் டைனமோவும் பாட்டரியும் இன்றியும் வெளிவந்தன. மூன்றாண்டுகள் முன்னே சென்ற யந்திரம் ஃபோர்ட்சன் காலத்துக்கே திரும்பிற்று. உழவன் மீண்டும் கைப்பிடியைத் தொட்டான். தட்டுப்பாடு தளர்ந்த பிறகு ரப்பர்ச் சக்கரமும் பாட்டரியும் திரும்பி வந்தன. அவையின்றி விற்கப்பட்ட வண்டிகள் பலவற்றுக்கும் சொந்தக்காரர்களே பின்னர் அவற்றைப் பூட்டிக்கொண்டார்கள். ஒரு யுத்தத்தின் சுவடு, இல்லாத கம்பிகளின் உருவில் ஒரு டிராக்டரில் பதிந்திருக்கிறது. இன்று ‘2 என்’ ஒன்றுக்குப் புதிய கம்பி பூட்ட முற்படுபவர், தம் முன் நிற்கும் வண்டி எவ்வாறு தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது, எதைப் பின்னால் வந்தவர் சேர்த்தார் என்று முதலில் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கைகுலுக்கலில் பிறந்த உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1947-ல் ஃபோர்டு நிறுவனம் ‘8 என்’ டிராக்டரைத் தனியே வெளியிட்டது. ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-ல் 92½ லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. இதனிடையே ஃபெர்குசன் இங்கிலாந்துக்குச் சென்று, காவென்ட்ரி நகரின் பேனர் லேன் தொழிற்சாலையில் தம் பெயரிலேயே டிராக்டர் செய்விக்கலானார். யுத்த காலத்தில் விமான எஞ்சின்கள் செய்த இடம் அது. 1946 முதல் 1956 வரை அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ‘டி.இ.20’ டிராக்டர்கள் செய்யப்பட்டன. 1953-ல் டென்சிங்குடன் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த ரகத்து டிராக்டர்களைக் கொண்டுதான்.

‘டி.இ.20’ வண்டியில் தனியே ஸ்டார்ட்டர்ப் பொத்தான் கிடையாது. கியர்த் தண்டையே ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். அதாவது, வண்டி கியரில் இருக்கும்போது எஞ்சினைக் கிளப்பவே முடியாது. ஓட்டுபவர் இறங்கி நிற்கையில் வண்டி தானே பாய்ந்து அவரை மோதும் அபாயம் இல்லை. இந்த ஏற்பாட்டை அறியாத சிலர், பழைய சுவிட்ச் கெட்டுவிட்டது என்று அதை விலக்கி, வேறிடத்தில் ஒரு சாதாரணப் பொத்தானைப் பூட்டிவிடுகிறார்கள். வண்டி கிளம்பும், ஆனால் ஒரு மனிதனின் உயிரைக் காத்து நின்ற காவலாளியை வேலையிலிருந்து நீக்கியவர்கள் ஆகிறார்கள்.

நம் நாட்டில் டிராக்டரின் கதை சுதந்திரத்தோடு பிணைந்தது. நாடு பிரிவுற்றபோது வளம் மிக்க பாசன நிலங்கள் பல எல்லைக்கு அப்பால் சென்றன. அகதிகள் இப்புறம் வந்தனர். உணவுப் பற்றாக்குறை அச்சுறுத்தியது. மத்திய இந்தியாவில் ‘காஸ்’ என்னும் நாணற்புல் ஆழ வேரோடி, லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை உழவுக்கு உதவாததாக ஆக்கியிருந்தது. அவ்வேரை மாட்டுக் கலப்பை எட்டாது. மத்திய அரசின் டிராக்டர் ஸ்தாபனம் கனமான சங்கிலிச்சக்கர டிராக்டர்களைக் கொண்டு அந்நிலங்களைப் புரட்டியது. இத்தகைய யந்திரங்களை வாங்குவதற்காக 1949-ல் உலக வங்கி இந்தியாவுக்கு ஒரு கோடி டாலர் கடன் வழங்கியது. அவ்வங்கியிடம் நம் நாடு பெற்ற முதற் கடன்களுள் அது ஒன்று. 1956-ல் ராஜஸ்தானத்துச் சூரத்கட்டில், சோவியத் நாடு அன்பளிப்பாக அளித்த யந்திரங்களுடன் மத்திய அரசின் பெரும் பண்ணை தொடங்கிற்று.

இறக்குமதி யந்திரத்தை ஓட்டுவது ஒன்று. நாமே செய்வது மற்றொன்று. 1959-ல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உருவாயிற்று. 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, செம்பியத்தில் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது. காவென்ட்ரியில் பிறந்த சாம்பல் நிற வண்டியின் வாரிசு இவ்வாறு தமிழகத்தில் வளர்ந்து, பின்னர் பஞ்சாபிலும் பீகாரிலும் உழச் சென்றது. 1961-ல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் ஏற்பட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் கடல் கடந்து எழுதிக் காத்திருக்க வேண்டிய நிலை அதன் பின் குறைந்தது. 1974-ல் மொஹாலியிலிருந்து வெளிவரலான ஸ்வராஜ் டிராக்டர், துர்க்காப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவரே வரைந்து அமைத்தது. ஆகவே, வட நாட்டுப் பட்டறையில் நிற்கும் பழைய வண்டி ஒன்றைத் திறந்து பார்க்கும் தமிழருக்கு, அதன் டைனமோவில் தம் ஊர்க்காரர் கைவேலை தென்படுதல் வியப்பன்று.

இனி, பட்டறைக்குள் செல்வோம். பழைய டிராக்டருக்குப் புதிய கம்பி பூட்டுபவர் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இவ்வமைப்பு 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? இரும்புடலோடு இணைந்திருப்பது பாட்டரியின் நேர்முனையா, எதிர்முனையா? மின்சாரத்தை ஆக்குவது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? இம்மூன்றுக்கும் விடை அந்த வண்டியின் காலத்தில் இருக்கிறது.

வோல்ட் என்பது நீரின் அழுத்தத்தையும், ஆம்பியர் என்பது ஓடும் நீரின் அளவையும் போன்றவை. அழுத்தம் குறைந்தால் அதே வேலைக்கு அதிக நீர் ஓட வேண்டும். ஆகவே வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும். 36 வாட் விளக்கு ஒன்று 6 வோல்ட் அமைப்பில் 6 ஆம்பியர் மின்சாரம் கேட்கும். 12 வோல்ட் அமைப்பில் 3 ஆம்பியரே கேட்கும். ஒரே கனமுள்ள கம்பியில், 6 வோல்ட் அமைப்பில் வழியில் வீணாகும் பங்கு, 12 வோல்ட் அமைப்பில் வீணாவதைப் போல் நான்கு மடங்கு ஆகும். பழைய 6 வோல்ட் டிராக்டரின் பாட்டரிக் கம்பி விரல் போலத் தடித்திருப்பது இதனால்தான். கடையில் எளிதில் கிடைக்கும் மெல்லிய காரின் பாட்டரிக் கம்பியை அவ்விடத்தில் பூட்டினால், ஸ்டார்ட்டர் முனகும், எஞ்சின் கிளம்பாது, கம்பி சுடும். பாட்டரியைக் குறை கூறி மாற்றுவார்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றுவார்கள், குற்றவாளியோ, புதிதாகப் பளபளத்துக்கொண்டு எதிரிலேயே இருக்கும்.

இரண்டாவது கேள்வி நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கும் சிக்கல் தருவது. ‘எர்த்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘நிலம்’ என்று பெயர்த்தால் இங்கே பொருள் கெடும். ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் டிராக்டருக்கும் நிலத்துக்கும் மின்தொடர்பு ஒன்றும் இல்லை. வண்டியின் இரும்புடலே மின்சாரம் திரும்பி வரும் பாதை. அதையே ‘எர்த்’ என்கிறார்கள். விளக்குக்குச் செல்லும் கம்பி ஒன்றுதான். திரும்பும் வழி இரும்பு. இன்றைய வண்டிகளில் எதிர்முனை இரும்புடலோடு சேர்ந்திருக்கும். ஆனால் அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலும், ஃபோர்டு ‘8 என்’ டிராக்டரிலும் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. இன்றைய பழக்கத்தை நினைந்து பாட்டரியைத் தலைகீழாகப் பூட்டுபவர்கள் பலர்.

பழைய டைனமோ அத்தகைய தவறைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஏனெனில் அதன் இரும்பில் எஞ்சி நிற்கும் காந்தத்தை மீண்டும் சரியான திசைக்குத் திருப்பிவிடலாம். கம்பி மாற்றிய பின் டைனமோவின் புலச் சுருளுக்குப் பாட்டரியிலிருந்து ஒரு கணம் மின்சாரம் தொட்டுக் காட்டுவது இதற்காகவே. இதைச் செய்யும் முறை டைனமோவின் வகைக்கு ஏற்ப மாறும். அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். ஆனால் 1960-களில் பரவத் தொடங்கிய ஆல்டர்னேட்டர் பொறுமையற்றது. அதனுள் இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வாயில்கள். பாட்டரியைத் தலைகீழாகப் பூட்டிய மாத்திரத்தில் அவை எரிந்துவிடும்.

பழைய 6 வோல்ட் டைனமோவை அகற்றி, 12 வோல்ட் ஆல்டர்னேட்டரைப் பூட்டலாமா என்று கேட்பவர் உளர். நாள்தோறும் உழைக்க வேண்டிய வண்டியானால் பூட்டலாம். பாட்டரியும் விளக்கும் எளிதில் கிடைக்கும். ஆனால் ஒன்றை மாற்றினால் அதன் உறவுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். விளக்குகள் 12 வோல்ட்டுக்கு உரியனவாதல் வேண்டும். பொறிச் சுருளையும் மாற்ற வேண்டும். இன்றேல் அதற்கு முன்னே தக்க தடைக்கம்பியை இட வேண்டும். நேர்முனை எர்த் எதிர்முனை எர்த்தாக மாறினால், அம்மீட்டரின் இரு கம்பிகளும் இடம் மாற வேண்டும். பொறிச் சுருளின் இரு சிறு முனைகளும் அவ்வாறே. பழைய ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டிலும் சுழலும். ஆனால் வேகம் மிகுந்து பற்களில் அடி பலமாக விழும் என்பதால், பொத்தானை நீண்ட நேரம் அழுத்தலாகாது. மற்றொரு விந்தையும் நேர்வதுண்டு. ஆல்டர்னேட்டரைத் தூண்டும் சிறு கம்பியைப் பொறிச் சுவிட்சோடு நேரே இணைத்துவிட்டால், சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் அக்கம்பி வழியே பின்னோக்கிப் பாய்ந்து பொறியை ஊட்டுவதே காரணம். அவ்வழியில் ஒரு சிறு எச்சரிக்கை விளக்கையோ டையோடையோ வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

வேலையின் முறை எளியது; பொறுமையே அதன் பெருங்கருவி. முதலில் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்ற வேண்டும். இறுதியில் பூட்ட வேண்டியதும் அதுவே. மற்ற முனையை முதலில் கழற்றுபவரின் ஸ்பானர் இரும்புடலைத் தொட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஸ்பானர் வழியே பாய்ந்து, அதைப் பற்றியிருக்கும் கையைச் சுட்டுவிடும். அடுத்து, ஒரு கம்பியையும் அகற்றுமுன் தாளில் படம் வரைய வேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு நுனிகளிலும் சீட்டுக் கட்ட வேண்டும். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் வகுத்த நிறமுறை இங்கே பேருதவி புரியும்: பழுப்பு பாட்டரியிலிருந்து வரும் முதன்மைக் கம்பி, வெள்ளை பொறிக்குரியது, நீலம் முன் விளக்குக்கு, சிவப்பு பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும், கறுப்பு எர்த். நெடுங்காலம் எண்ணெயும் புழுதியும் படிந்த கம்பியில் நிறம் தெரியாமற் போகலாம். நுனியை மூடிய ரப்பர் உறையைச் சற்றே விலக்கினால் உள்ளே பழைய நிறம் தலை காட்டும்.

கம்பிகளை ஒரே வேளையில் முழுவதும் அறுத்தெறிவது தவறு. ஒன்றை எடுத்து, அதே நீளத்தில், அதே கனத்திலோ அதற்கு மேற்பட்ட கனத்திலோ புதியதைப் பூட்டி, அதன் பின் அடுத்ததற்குச் செல்வதே நலம். பழைய துணி உறைக் கம்பியின் குறை இன்று நமக்குத் தெரியும்: உள்ளிருக்கும் ரப்பர் வெப்பத்தாலும் எண்ணெயாலும் கெட்டியாகி வெடிக்கும். யுத்தத்துக்குப் பின் பரவிய பிளாஸ்டிக் உறை நீண்ட நாள் தாங்கும். தோற்றம் மாறாமல் இருக்க வேண்டும் என்பவர், பிளாஸ்டிக் உறையின் மேலே துணி போர்த்த கம்பியை வாங்கலாம். புகைபோக்கி அருகே கம்பி செல்லலாகாது; தகட்டின் துளை வழியே செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இட வேண்டும். சாம்பல் நிற டிராக்டர்களில் எரிபொருள் தொட்டி எஞ்சினுக்கு நேர் மேலே அமைந்தது. தகட்டின் கூரிய விளிம்பில் உராய்ந்து உறை கிழிந்த கம்பி, கசியும் பெட்ரோலுக்குக் கீழே ஒரு பொறியை உதிர்த்தால் நிகழ்வது என்ன என்று நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் பியூஸ் என்பதே கிடையாது. ‘அசல் நிலை கெடலாகாது’ என்று கருதி அதை அப்படியே விடுவோர் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. விளக்குகளுக்குச் செல்லும் கம்பியின் தொடக்கத்தில் மறைவாக ஒரு பியூஸ் வைப்பதால் வண்டியின் பழமைக்கு இழுக்கு வராது. ஸ்டார்ட்டரின் தடித்த கம்பியில் மட்டும் பியூஸ் வைக்கும் வழக்கம் இல்லை; அதன் மின்னோட்டம் அவ்வளவு பெரியது. ஆகவே அக்கம்பியின் உறையும், அது செல்லும் வழியும் குற்றமற்றிருத்தல் வேண்டும்.

பழுதுகளுள் பெரும்பாலானவை கம்பியில் இல்லை; எர்த் சேரும் இடத்தில் இருக்கின்றன. புது வர்ணம் பூசி அழகு செய்த டிராக்டரில் விளக்கு மங்கலாக எரிந்தால், வர்ணத்தின் மேலேயே எர்த் முனை முடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வர்ணமும் துருவும் மின்சாரத்துக்கு அடைத்த கதவுகள். அவ்விடத்தைச் சுரண்டி, இரும்பின் ஒளி தெரிந்த பின்னரே முனையை முடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், பாட்டரியை நேரே பூட்டிவிடாமல், சுவிட்சுகளை மூடி, பாட்டரியின் முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே ஒரு சிறு சோதனை விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் நலம். எரிந்தால் எங்கோ மின்சாரம் வழி தவறி ஓடுகிறது என்று பொருள். பத்து நிமிஷத்தில் முடியும் இச்சோதனை பல நாள் உழைப்பைக் காக்கும்.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய யந்திரத்தைக் காப்பது எதற்கு என்று சிலர் வினவலாம். இன்று உலகில் மிக அதிகமாக டிராக்டர் செய்யும் நாடுகளின் முன் வரிசையில் இந்தியா நிற்கிறது, புதியவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், சிறு விவசாயி ஒருவருக்குப் பழைய வண்டி, வங்கிக் கடனின்றி உழைக்கும் துணை. அதைச் சரியாகப் பழுது பார்ப்பது அவருடைய ஒரு பருவத்து விளைச்சலைக் காப்பதாகும். மேலும், நாட்டின் உணவுக்காக நாணற்காட்டைப் புரட்டிய தலைமுறையின் சாட்சிகளாய் இவ்வகை யந்திரங்கள் எஞ்சி நிற்கின்றன. கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர் அதைத் துணி துவைக்கும் கல்லாக்குவார். கம்பியைப் படிக்கத் தெரியாதவர் செய்வதும் அதற்கு ஒப்பானதே.

ஆகவே, அண்டை அயலில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் நண்பருக்கு நேயர்கள் ஒரு யோசனை கூறலாம். வேலை முடிந்த பின், புதிய அமைப்பின் படத்தை நல்ல தாளில் வரைந்து, எத்தனை வோல்ட், எந்த முனை எர்த், எந்த ஆண்டில் என்ன மாற்றப்பட்டது என்று தெளிவாக எழுதி, எண்ணெய் படாத உறையிலிட்டுக் கருவிப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். இருபது ஆண்டு சென்று வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறப்பார். அவர் பஞ்சாபியாக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம். பாட்டரியைத் தொடுமுன் அவர் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.